பாட்டுக்காரருக்கு வைத்த நேர்த்தி

அமிர்தநாதர் ஜமேக்காவுக்குப் போன கதையை எங்கள் பில்டிங்கில் பலர் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட அவரோடு போகவில்லை. போனவன் நான் ஒருவன்தான். ஆகவே கதை சொல்லுகிற உரிமையும் எனக்குத்தான். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

அவர் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல்மாடியில் குடியிருந்தார். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு பெட்டியில் அடைக்கிற பக்டரியில் இரண்டு பேருக்கும் வேலை. விடியப்புறம் என்னுடைய காரில்தான் போவோம். காரில் ஏறியதும் சிலுவை போடுவார். ஹைவேயில் ஏறும்போது இன்னொருமுறை போடுவார். "என்ர ஓட்டத்தில அவ்வளவு நம்பிக்கையோ அண்ணை" என்று கேட்டால், "உன்னில நம்பிக்கை இருக்கு நவம், மற்றவங்களிலதான் இல்லை" என்பார். நான் சைவக்காரன். அதுவும் தேருக்கு மட்டும் கோயிலில் தலை காட்டுகிற சைவக்காரன்.

நேர்த்தி வைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அகதி வழக்குச் சரிவர அந்தோனியாருக்கு ஒன்று. மனைவி அன்ரனெற்றும் மகனும் பத்திரமாக வந்துசேர மடு மாதாவுக்கு ஒன்று. வைத்ததை மறக்கிற பழக்கமும் இல்லை. ஒவ்வொரு ஆவணியும் மிட்லண்ட் தேவாலயத்துக்குத் தமிழ்ச்சனம் பஸ் பிடித்து யாத்திரை போகும்போது முன்சீற்றில் அவர் இருப்பார். "கிடைச்சால் குடுத்திட வேணும் நவம். இல்லாட்டி அடுத்த முறை என்ன முகத்தோட கேக்கிறது" என்பது அவருடைய கொள்கை.

மகன் டெனிஸ்டன் ஒரே பிள்ளை. ஏழு வயதில் வந்தவன், ஸ்காபரோவில் வளர்ந்தவன், பள்ளிக்கூடத்தில் ஜமேக்காப் பெடியன்களோடு ஒட்டிக்கொண்டவன். டெல்ராய் என்று ஒரு சிநேகிதன் மூலம் ரெகே பாட்டு வீட்டுக்குள் வந்தது. பிறகு அந்தப் பாட்டால் பேரெடுத்து, செத்தும்போன ஒரு பெரிய பாட்டுக்காரரின் படம் சுவரில் ஏறியது. பிறகு பெடியன் தலைமுடியைச் சடையாக வளர்க்கத் தொடங்கினான்.

அந்தச் சடையால் மேல்மாடியில் நடந்த சண்டை என் வீட்டுக் கூரை வழியாக எனக்கும் கேட்கும். "வெட்டடா" என்பார் தகப்பன். "ஏலாது" என்பான் மகன். எக்ளின்டன் பக்கத்து ஜமேக்காக் கடையில் வாங்கிய ஏதோ எண்ணெயும் மெழுகும் சேர்த்துச் சடைக்குப் பூசுவான். தேங்காயெண்ணெயைக் காய்ச்சி அதில் தேனை விட்டது போல ஒரு மணம். லிஃப்டில் அவன் வந்துபோனால் அரைமணி நேரத்துக்கு நிற்கும். "தலைகாணி உறை எல்லாம் உவன்ர மணம்" என்று அன்ரனெற் அக்கா புறுபுறுத்துக்கொண்டே தோய்ப்பார்.

அந்தப் பாட்டுக்காரர் பிறந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது டெனிஸ்டனின் ஆசை. கடற்கரை ஹோட்டல்களில் இருந்து காலையில் பஸ்ஸில் ஏற்றிப்போய், எல்லாம் காட்டி விளங்கப்படுத்திப் பின்னேரம் கொண்டுவந்து விடுவார்களாம். "உங்கட மிட்லண்ட் மாதிரித்தான் அப்பா" என்று பகிடியாகச் சொன்னான். அமிர்தநாதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம், பஸ்ஸுக்கு நின்ற டெனிஸ்டனை ஐஸில் சறுக்கிவந்த ஒரு கார் அடித்தது. தலையில் அடி. ஆஸ்பத்திரியில் உடனே மண்டையைத் திறக்க வேண்டியிருந்ததால் முடியை முழுக்க வழித்துவிட்டார்கள். அவனுடைய சப்பாத்தோடும் ஜக்கெற்றோடும் சேர்த்து அந்தச் சடைகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நேர்ஸ் தாயின் கையில் கொடுத்தாள்.

பிள்ளை கண் திறக்கவில்லை. தகப்பன் தனக்குத் தெரிந்த அத்தனை புனிதர்களுக்கும் நேர்த்தி வைத்து முடித்தார். ஒருநாள் டெல்ராய் வந்து, வாக்மேனைக் கட்டிலில் வைத்து, டெனிஸ்டனின் காதில் அந்தப் பாட்டுக்காரரைப் பாடவிட்டான். போர்வைக்கு மேலே கிடந்த விரல் ஒன்று அசைந்தது. நானும் பார்த்தேன். அமிர்தநாதர் அந்த இடத்திலேயே முழங்காலில் விழுந்தார். "ஐயா, நீர் ஆர் எவர் எண்டு எனக்குத் தெரியாது. என்ர பிள்ளைக்கு உம்மைத் தெரியும். அவனை எழுப்பித் தாரும். அவன்ர முடியை உம்முடைய ஊருக்குக் கொண்டுவந்து வைக்கிறன்" என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று டெல்ராய் என்னைக் கேட்டான். ஜெபம் என்று சொல்லி விட்டுவிட்டேன். பிள்ளை நோயில் கிடந்தால் முடியை நேருவது எங்கள் சனத்துக்கு வழக்கம்தான். ஆனால் ரெகே பாடகருக்கு நேர்ந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இரண்டாம் நாள் டெனிஸ்டன் கண் திறந்தான். கதைத்தான். தலையைத் தடவிப்பார்த்து, "அப்பா, கடைசியில வெட்டிப்போட்டீங்கள் என்ன" என்றான். "வளரும் ராசா, வளரட்டும், நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றார் அவர். நேர்த்தியைப் பற்றிச் சொன்னபோது பெடியன் சிரித்த சிரிப்பில் நேர்ஸ் ஓடிவந்தாள். "Dad, you're crazy. ஆனா நானும் வாறன்" என்றான். எட்டொன்பது நாள் அப்படி இருந்தான். இடியப்பம் கேட்டான், தாயோடு சண்டை பிடித்தான். அதற்குப் பிறகு மூளையில் இரத்தம் கட்டிச் செத்துப்போனான்.

அந்த வீட்டைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் பிளாஸ்டிக் பை அன்ரனெற் அக்காவின் தலையணைக்குக் கீழே இருந்தது. உடுப்புகளைத் தோய்த்து எடுத்துவைத்துவிட்டார்கள், கட்டில் விரிப்பையும் எந்த உறவுக்காரியோ அவசரப்பட்டுத் தோய்த்துவிட்டாள். பிள்ளையின் மணம் மிஞ்சியிருந்தது அந்தப் பையில் மட்டும்தான். அக்கா காலையில் ஒருக்கால் திறந்து முகத்தைப் புதைப்பார். வேலையால் வந்து ஒருக்கால். உடனே இறுக்கிக் கட்டிவிடுவார், மணம் போய்விடும் என்று. இதை என் மனைவி குணவதி வந்து சொல்லிவிட்டு அழுதாள்.

வருசம் திரும்பியதும் அமிர்தநாதர் அந்தப் பையைக் கேட்டார். நேர்த்தி கட்ட வேண்டுமாம். அந்த வாக்குவாதத்தின் நடுவில் நான் சோபாவில் இருந்தேன்.

"என்ன நேத்தி?" என்றார் அன்ரனெற் அக்கா. "பிள்ளையை எழுப்பித் தந்தவரோ உங்கட ஆள்? மண்ணுக்க கிடக்கிறான். ஆருக்கு என்ன கடன்?"

"எழும்பினவன்" என்றார் அமிர்தநாதர். "என்னை அப்பா எண்டு கூப்பிட்டவன். நான் கட்டாமல் விட்டால் அது நடக்கேல்லை எண்டு ஆகிப்போடும். நான் கேட்டன், அவர் தந்தவர். பிறகு எடுத்தது ஆரோ, எனக்குத் தெரியாது. தந்தது தந்ததுதான்."

பாதரிடமும் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு கடனும் இல்லை, மனதைப் போட்டு வருத்த வேண்டாம் என்று பாதர் சொல்லியிருக்கிறார். சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். அமிர்தநாதர் கேட்கவில்லை. மெலிந்துகொண்டு போனார். காரில் ஏறினால் சிலுவை போடுவதையும் விட்டார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அன்ரனெற் அக்காவே பையை எடுத்து மேசையில் வைத்தார். "கொண்டுபோங்கோ. அவனுக்காக இல்லை. உங்களுக்காகத் தாறன்" என்றார். என்னைப் பார்த்து, "நவம், நீங்களும் கூடப் போங்கோ. உவர் தனியப் போனால் திரும்பி வரமாட்டார்" என்றார்.

பங்குனியில் ஒரு கிழமைப் பயணமாகப் போனோம். விமானமெல்லாம் குடியும் கும்மாளமுமாகப் போகிற வெள்ளைச்சனம். அவர் மடியில் பையை வைத்தபடி செபமாலை உருட்டினார். ஹோட்டலில் சொல்லிவைத்து, அடுத்தநாள் ஊர்காட்டுகிற பஸ்ஸில் இடம் பிடித்தோம்.

அன்று விடிய நான் எழும்பியபோது அவர் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு ஆயத்தமாக நின்றார். பல்கனிக் கதிரையில் துவாய் விரித்து, அதில் டெனிஸ்டனின் சடைகளைப் பரப்பியிருந்தார். ஹோட்டல் சோப்பும் ஷாம்பூவும் போட்டுச் சுத்தமாகக் கழுவியிருந்தார். "கோயிலுக்குக் கொண்டுபோறது. அழுக்கோட கொண்டுபோய் வைக்கலாமோ" என்றார். எங்கள் அம்மனுக்குக் கொண்டுபோகிற பூவையே கழுவித்தான் கொண்டுபோவோம். சரிதானே என்று நான் பல் தீட்டப் போனேன்.

பஸ் மலையில் ஏறியது. றோட்டு ஒரு வண்டில் பாதை அகலம். வழிகாட்டி மைக்கில் பாடினான், பகிடி விட்டான், பின்சீற்றில் இருந்த அமெரிக்கர்கள் காலையிலேயே பியர் உடைத்தார்கள். அமிர்தநாதருக்கு அது ஒன்றும் தெரியவில்லை. மரவள்ளியும் வாழையும் நிற்கிற வளவுகளைப் பார்த்தபடி வந்தார். பாட்டுக்காரர் பிறந்த வீடும் அவருடைய கல்லறையும் ஒரே மேட்டில் இருந்தன. உள்ளே போகச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். "பாத்தியே நவம், கோயில்தான்" என்றார். அந்த வருசத்தில் அவர் முகத்தில் நான் கண்ட முதல் வெளிச்சம் அது.

பிறகு என் மானத்தை வாங்கினார். வாசலில் இருந்து முழங்காலில் நகரத் தொடங்கினார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். எனக்கு அவர்மேலும் அவள்மேலும் ஒரே நேரத்தில் கோபம் வந்தது. கல்லறைக்குக் கிட்டப் போய், மெழுகுதிரி கொளுத்தி, பையை அவிழ்த்துச் சடைகளை எடுத்து வைக்கப் போனார்.

அங்கே காவலும் விளக்கமும் செய்கிற ஒரு கிழவர் நின்றார். உயரமானவர், தலையில் பெரிய கம்பளித் தொப்பி. முடியைக் கண்டதும் முகம் கறுத்துவிட்டது. "இதை வெட்டினது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்ட விதத்தில் அமிர்தநாதர் சடைகளைத் திரும்ப நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் முன்னுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன், விரல் அசைந்ததைச் சொன்னேன், எங்கள் சனம் கடவுளுக்கு முடி கொடுக்கிறதைச் சொன்னேன். பிள்ளை பிறகு செத்ததையும் சொன்னேன்.

கிழவர் குனிந்து சடைகளைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். வெள்ளைச் சடை இடுப்பு வரைக்கும் விழுந்தது. அவர் சொன்னதை நான் அமிர்தநாதருக்குத் தமிழில் சொன்னேன்.

"அண்ணை, இவையள் முடியை வெட்டிக் குடுக்கிறேல்லையாம். வளக்கிறதுதானாம் இவையளின்ர நேத்தி. உங்கட பிள்ளை வளக்கேக்கையே அந்தக் கடனைக் கட்டிப்போட்டானாம். வெட்டின முடியை இஞ்ச வைக்கக்கூடாதாம்."

"அப்ப என்ர கடன்?" என்றார்.

நான் கேட்டுச் சொன்னேன். "பிள்ளை எழும்பிக் கதைச்சவனோ எண்டு கேக்கிறார்."

"கதைச்சவன்."

"அப்ப நீங்கள் நன்றி சொல்ல வந்திருக்கிறியள். வந்தாச்சு. முடிஞ்சுது எண்டு சொல்லுறார். தாய் இருக்கிறாவோ எண்டு கேக்கிறார். இருந்தால் அவவிட்டக் கொண்டுபோய்க் குடுக்கட்டாம். இது அவவின்ரையாம்."

அமிர்தநாதர் படியில் உட்கார்ந்து, "நான் வெட்டு வெட்டு எண்டு நெடுக அவனோட சண்டை பிடிச்சனே" என்று வாய்விட்டு அழுதார். கிழவர் பக்கத்தில் குந்தியிருந்து அவருடைய முதுகைத் தடவினார். பியர்க்காரர்கள்கூடப் படம் எடுப்பதை நிறுத்தினார்கள்.

திரும்பும் வழியில் அவர் வேறு மனிதராக இருந்தார். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓயாமல் கதைத்தார். "அன்ரனெற் என்ன சந்தோசப்படுவாள் நவம். அதைத் தந்திட்டு அவள் பட்டபாடு எனக்குத் தெரியும். அவர் எடுக்கேல்லை, உன்னட்டையே குடுக்கச் சொன்னவர் எண்டு சொல்லுவன்." விமானத்திலும் அதே கதை. ரொறொன்ரோவில் இறங்கியதும் காரில் ஏறிச் சிலுவை போட்டார். எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அவரோடு மேலே போனேன். அன்ரனெற் அக்கா கதவைத் திறந்தார். அமிர்தநாதர் பையை நீட்டினார். அக்கா வாங்கவில்லை, பறித்தார். கதவையும் சாத்தாமல், நின்ற இடத்தில் முடிச்சை அவிழ்த்து முகத்தைப் புதைத்தார்.

அப்படியே நின்றார். முகத்தை எடுத்தார், மறுபடி புதைத்தார். ஒவ்வொரு சடையாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். பையின் அடிவரைக்கும் கையை விட்டு, அந்தக் கையையும் மணந்து பார்த்தார்.

"கழுவினியளோ?" என்று கேட்டார்.

அமிர்தநாதருக்கு இன்னும் விளங்கவில்லை. சிரித்த முகத்தோடுதான் நின்றார். "ஓம், வடிவாக் கழுவித்தான் கொண்டுபோனனான். கோயிலுக்கெல்லோ."

எனக்கு விளங்கிவிட்டது. சூட்கேசைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றேன். அன்ரனெற் அக்கா அவரை ஏசுவார், அடிப்பார் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. பையை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்து, "மணந்து பாருங்கோ" என்றார்.

அமிர்தநாதர் குனிந்து மணந்தார். ஹோட்டல் ஷாம்பூ மணம், நான் நின்ற இடத்துக்கும் வந்தது. அவர் முகத்தை வெளியே எடுக்கவேயில்லை.