ரத வீதியில் தீய்ந்த கிளட்ச்

நான் சென்னைக்குப் போய் கோகார்ட் ஓட்டிய நாட்களில், பாளையங்கோட்டைச் சொந்தக்காரர்கள் அதைப் பிள்ளைகள் விளையாடும் வண்டி என்று கேலி செய்தார்கள். அதில் ஜெயித்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் சில வருடம் இடிபட்டு, தொண்ணூறுகளின் கடைசியில்தான் ஸ்போர்ட்ஸ் கார் கிடைத்தது. கார் கோயம்புத்தூர் முதலாளி ஒருவருடையது. வருகிற பந்தயத்தில் நன்றாக ஓட்டினால் வருடம் முழுக்க நீதான் என்றார். உடனே கேலி செய்த வாய்களுக்கெல்லாம் நான் குலப்பெருமை ஆகிவிட்டேன். கேட்கக் கேட்கக் குமட்டியது.

டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த தாய்மாமா, கடைப் பெயரைக் காரில் எழுதினால் டயர் வாங்கித் தருவதாகச் சொன்னார். ஆனால் பந்தயத்துக்கு முன் கார் ஊருக்கு வந்து, கோயில் வாசலில் பூஜை போட்டு, ரத வீதி சுற்ற வேண்டுமாம். முதலாளி சம்மதித்து லாரியில் அனுப்பினார். பந்தயக் காரின் கிளட்ச் ஊர்வலத்துக்குத் தாங்காது, ஊர்ந்து ஓட்டினால் தேய்ந்து தீய்ந்துவிடும், எஞ்சினை அணைத்துத் தள்ளித்தான் போக வேண்டும் என்று மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"சத்தமில்லாமத் தள்ளிட்டுப் போனா பொணம் போற மாதிரில்லா இருக்கும்லே," என்றார். பிறகு ஒருவழியாகத் தலையாட்டினார்.

அர்ச்சனை முடிந்து நான் வெளியே வந்தபோது கார் உறுமிக்கொண்டு நகர்ந்தது. உள்ளே மாமாவின் மகன். நாதஸ்வரக்காரர் நின்று நின்று வாசிக்க, இவன் கிளட்சை அரைகுறையாக மிதித்தபடி பின்னால் ஊர்ந்தான். போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு ஆரத்தி. கூட்டத்தில் முட்டி மோதி நான் போய்ச் சேருவதற்குள், மல்லிகையையும் சூடத்தையும் மீறி கிளட்ச் தீய்ந்த நாற்றம் எழுந்துவிட்டது. ரத வீதி திரும்பும் வாகையடி முக்கில் கார் நின்றது. எஞ்சின் ஓடியது, கியரும் மாறியது, சக்கரம்தான் அசையவில்லை.

"கண்ணு பட்டுட்டு," என்று மாமா பூசணிக்காய் வாங்க ஆள் அனுப்பினார். மகன் காலரை நீவிக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். இருவரையும் பார்க்க அருவருப்பாக இருந்தது.

காரைக் காக்கத் தெரியாதவன் எனக்கு வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேறு கிளட்ச் மாட்டினார்கள். வேறொருவன் ஓட்டினான். மாமா சொன்னபடி டயர் வாங்கித் தந்து, பந்தயம் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். கார் எங்களைக் கடந்தபோது என் தோளைத் தட்டினார்.

"இங்கன இருந்து பாத்தாலே நம்ம கடைப் பேரு பளிச்சுன்னு தெரியுதுல்லா?"