பள்ளிக்கு ஒரே டிசெக்‌ஷன் பெட்டி

தவளையை அறுக்கவென்று வாங்கும் டிசெக்‌ஷன் பெட்டி தவளையைத் தவிர எல்லாருக்கும் பயன்படும் என்பது, சயன்ஸ் வாத்தியாராக இருந்த எவருக்கும் தெரிந்ததுதான்.

ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக வேலையில் இருந்தேன். கல்வி அதிகாரி வந்து என் அறுவைப் பாடம் ஒன்றைப் பார்ப்பார், திருப்தியானால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பெட்டியில் இருந்தவை ஒரு கத்தி, ஒரு கத்திரிக்கோல், ஓர் இடுக்கி, இரண்டு ஊசிகள்.

இடுக்கி

பெட்டியைத் திறந்தால் இடுக்கியைக் காணோம். கணக்கு வாத்தியார் ஜன்னலோரம் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அந்த இடுக்கியால் மூக்குமுடி பிடுங்கிக்கொண்டிருந்தார். அது தவளையின் குடலைப் பிடிக்கிற சாமான் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். கண்ணில் நீர் தளும்ப அடுத்த முடியைத் தேடியபடியே சொன்னார்: “கழுவிட்டுத்தான் எடுத்தேன் சார். தரும்போது தவளைக்காகவும் ஒருதரம் கழுவித் தரேன்.”

கத்தி

கத்தி வாழைப்பழத்தைக்கூட நசுக்கத்தான் செய்தது. ஸ்டேஷன் பக்கம் சவரக்கடை வைத்திருந்த ஏழுமலையிடம் கொண்டுபோனேன். கல்லில் தேய்த்து, தோல்வாரில் இழுத்து, என் முன்கையில் நாலு முடியைச் சிரைத்துப் பார்த்துத் திருப்தியானார். அதற்குப் பிறகுதான் இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: “தவளை சங்கதிய வெளியில சொல்லிடாத வாத்யாரே. நாளைக்கு ஒரு தாடி இந்தப் பக்கம் வராது.”

கத்திரிக்கோல்

அதிகாரி வர இரண்டு நாள் இருக்கையில் ஆயுத பூஜை. பியூன் கோவிந்தன் பெட்டியையும் பூஜையில் வைத்து, பக்தி மிகுதியில் கத்திரிக்கோலின் மூட்டிலேயே சந்தனத்தை அப்பிவிட்டான். அது காய்ந்து, திறக்க முடியவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்தபடி அவனைக் கடிந்துகொண்டேன். அவன் கேட்டான்: “வருசம் பூரா வெட்டிகினு கீது. ஒரு நாள் லீவு வுட்டா இன்னா சார்?”

மடவை மீன்

அந்த வருஷம் மழை பிந்தியதால் தவளை அகப்படவில்லை. மாமல்லபுரத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் கண்ணம்மாவிடம், பையன்களுக்கு அறுத்துக் காட்ட ஒரு பெரிய மடவை வேண்டும் என்று சொல்லிவைத்தேன். பாடம் தொடங்கும் நேரத்தில் கொண்டுவந்தாள். செதில் இல்லை, செவுள் இல்லை, வயிறு காலி. மேலே மஞ்சள் வேறு தடவியிருந்தது. குடல் எங்கே என்று கேட்டேன். “படிக்கிற பசங்க கையில குடலக் குடுப்பாங்களா வாத்யாரே? நானே சுத்தமா எடுத்துட்டேன்.”

கண்

அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மீனில் உருப்படியாக மிஞ்சியது தலைதான். இன்றைய பாடம் மீனின் கண் என்று தொடங்கிவிட்டேன். கத்தியால் கீறி, ஊசியால் நெம்பி, மிளகைவிடச் சற்றுப் பெரிய பளிங்கு உருண்டை ஒன்றை இடுக்கியில் எடுத்து, புத்தகத்தின் மேல் பிடித்தேன். எழுத்து பெரிதாகத் தெரிந்தது. பையன்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். அதிகாரியும் வரிசையில் நின்றார்.

பிறகு தனியே அழைத்தார். மீனின் காலி வயிற்றைப் பற்றிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “மற்ற பள்ளிகளில் குடலைத் திறந்ததும் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன். பாடம் முடியும்வரை உட்கார்ந்திருந்தது இங்கேதான். உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.”

ஆக, எனக்கு வேலையை வாங்கிக் கொடுத்தது பெட்டியில் இல்லாத ஒரே கருவியான கண்ணம்மாவின் அரிவாள்மணைதான்.