கீப்பர் வரைந்த படம்

இந்த ஊரில் என் கையில் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுப்பவர்கள், நான் அதைத் தின்பேன் என்று நினைப்பதில்லை. சுழற்றிக் காட்டச் சொல்கிறார்கள். வட இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் நூல் மில்லில் ஃபோர்மேன் ஃப்ராங்க்தான் இதை ஆரம்பித்து வைத்தார். மில் கிரிக்கெட் அணிக்கும் அவரே கேப்டன். எங்கள் நாட்டுச் சுழற்பந்துக்காரர்கள் இங்கே வந்து ஜெயித்துவிட்டுப் போயிருந்த சமயம். "யூ ஸ்பின், ஏய்?" என்று கேட்டார். ஐந்து மாதமாகக் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். முதல்முறையாக ஒருவர் என் மேசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் எப்படி இல்லை என்பது? "யெஸ்" என்று சொல்லித் தொலைத்தேன்.

தூத்துக்குடியில் நான் பந்தைத் தொட்டதே அபூர்வம். சரக்குக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு முடிந்ததும், புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகளின் புழுதிக்குள் நடந்து மைதானத்துக்குப் போவோம். உப்புப் பூத்த தரையில் ஆடுகளமாகத் தென்னை நார்ப் பாயை விரித்துச் சுற்றிலும் ஆணி அடிப்பது என் பொறுப்பு. "ஏலே, நீ ஆணிக்குத்தாம்ல லாயக்கு" என்பான் என் சேக்காளி சுடலை. அவன்தான் எங்கள் விக்கெட் கீப்பர். வேறு வழியில்லாமல், சுழற்பந்து வீசுவது எப்படி என்று அவனுக்கே எழுதிக் கேட்டேன்.

நீல ஏரோகிராம் கடிதத்தில் மூன்று படங்கள் வந்தன. லெக் பிரேக்குக்கு வலப்பக்கம் அம்புக்குறி, கூக்ளிக்கு இடப்பக்கம், டாப் ஸ்பின்னுக்கு நேராக. குளிர்காலம் முழுக்கக் கொல்லைச் சுவரைப் பார்த்து வீசினேன். அம்பு காட்டிய பக்கம் பந்து திரும்பும்வரை மணிக்கட்டை முறுக்கினேன். எதிரே மட்டை பிடித்து நிற்க ஆளில்லை.

கோடையில் முதல் ஆட்டம். ஃப்ராங்க் "லெக் பிரேக்" என்றார். பந்து மட்டையாளனை விட்டு விலகிப் போகும் என்று அந்தப் பக்கமே ஆட்களை நிறுத்தினார். என் பந்தோ அவன் காலை நோக்கித் திரும்பியது. ஆளில்லாத பக்கம் நாலு ரன். பிறகு "கூக்ளி" என்று, உள்ளே திரும்பும் பந்துக்காக ஆட்களைக் கால் பக்கம் மாற்றினார். அது விலகி ஓடியது. மறுபடியும் நாலு. டாப் ஸ்பின் ஒன்றில்தான் நான் தவறவில்லை. நேராகப் போவதற்குப் பக்கம் ஏது? அவர் என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை வேறு மேசையில் உட்கார்ந்தார். ஊரைவிட்டு வந்த நாளில்கூட எனக்கு அவ்வளவு அழுகை வரவில்லை.

நடந்ததை எழுதிப் போட்டேன். சுடலையின் பதில் வந்தது. "கூறுகெட்டவனே, நான் கீப்பர்லா. எனக்கு எதிர்க்க வாரதத்தான வரைவேன்? நீ அங்கிட்டு நிக்கது எனக்கு எப்படிலே ஞாபகம் இருக்கும்? தாளத் தலைகீழாத் திருப்பிப் பாரு."

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானாகவே ஃப்ராங்கின் மேசைக்குப் போனேன். திருப்பிக் காட்டினேன். அவர் தாளை வாங்கித் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "சாட்டர்டே" என்றார்.

சனிக்கிழமை பந்தைக் கொடுத்து, "விச் ஒன்?" என்று கேட்டார். பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஓடத் தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஸ்டம்புகள் தெரிவதில்லை. என் முகம்தான் தெரிகிறது. தொலைவில், ஈரப் புல்லின் மேல், சட்டையை இறுக்கிப் பொத்தானிட்ட ஒருவன் என்னை நோக்கி ஓடி வருகிறான். நானோ ஸ்டம்புகளுக்குப் பின்னால், சுடலையின் இடத்தில், நானே ஆணியடித்த பாயின் ஓரத்தில், தூத்துக்குடி வெயிலில் கையை விரித்துக் குனிந்திருக்கிறேன்.