பாலாடையில் தேங்காய்ப்பால்

எங்கள் வீட்டு வெள்ளிப் பாலாடையின் மூக்கு கொஞ்சம் நசுங்கியிருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது அக்கா கடித்தது என்பாள் அம்மா. பல் முளைக்காத பிள்ளை வெள்ளியைக் கடித்து நசுக்குமா என்று நான் கேட்டதில்லை. அவளுக்கு முதல் பால் புகட்டியது அதில்தான். கடைசிப் பாலுக்கும் அதைத்தான் எடுத்து வந்தார்கள்.

பரமக்குடியில் எங்களுடையது சைவ வீடு. கறி, மீன், முட்டை வாசல்படி தாண்டாது; பால், தயிர், நெய் இல்லாமல் ஒரு வேளையும் நகராது. அக்கா இவற்றையும் விட்டாள். ராமேஸ்வரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுமுறைக்கு வந்தவள் பெரியப்பாவின் மாட்டுத் தொழுவத்துக்குப் போனாள். செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பசு அதை நக்கிக்கொண்டே பால் கொடுத்தது. அன்றிலிருந்து அக்காவுக்கு வரக்காப்பிதான். தேனைக்கூடத் தொடமாட்டாள். வீகன் என்று அவள் சொன்ன வார்த்தை எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. "சைவத்துக்கு மேல என்னடி சைவம்?" என்று பெரியம்மா கேலி செய்வாள். அக்கா சிரித்துவிட்டு மோரை நகர்த்தி வைப்பாள்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்து அவளை வீட்டுக்கு அனுப்பிய மத்தியானம், கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். உயிர் நிம்மதியாகப் பிரியட்டும் என்று பெரியம்மா பாலாடையில் பசும்பால் கொண்டுவந்தாள். அக்காவின் உதடு லேசாகத் திறந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது. எனக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை.

"வேணாம் பெரியம்மா. அக்கா சைவமில்ல."



"மீனு திங்க ஆரம்பிச்சுட்டாளா?" என்றார் பெரியப்பா மெதுவாக. கடற்கரை ஊரில் வேலை பார்த்த பெண்தானே என்று மற்றவர்கள் முகத்திலும் எழுதியிருந்தது.

சரியான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "அந்த வைக்கோல் கன்னுக்குட்டிம்மா" என்றேன்.

அம்மா எழுந்தாள். பாலாடையை வாங்கிப் பாலைக் கொட்டிவிட்டுக் கழுவினாள். அடுப்படியில் தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. துருவிப் பிழிந்து கொண்டுவந்தவள், "இது ஆகும்ல ஆத்தா ஒனக்கு?" என்று அக்காவிடமே கேட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பாதி கடைவாயில் வழிந்தது.

எரித்த மறுநாள் சுடுகாட்டில் சாம்பலில் தெளிக்கப் பசும்பாலைத்தான் கொடுத்தார்கள். கொடுத்தார்கள், தெளித்தேன்.

இப்போது பாலாடை அலமாரியில் இருக்கிறது. காலையில் அம்மா காப்பி போடும்போது, பால் ஊற்றுவதற்கு முன் ஒரு தம்ளர் வரக்காப்பியைத் தனியாக எடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறாள். ஆறிய பிறகு நான் எடுத்துக் குடிக்கிறேன். கசப்பதுகூட எனக்குத் தெரிவதில்லை.