முழக்கத்துக்கும் நிதானத்துக்கும் கிடைத்த கைத்தட்டல்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. நடந்ததற்குச் சாட்சியாக இருந்தால் போதும்.

முதுகலை உளவியலில் ஆய்வுத் தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன்: மேடையில் முழங்கிப் பேசினால், நிதானமாகப் பேசுவதைவிட நீண்ட கைத்தட்டல் கிடைக்குமா? கிடைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை, முழங்குபவன் நான். ஆயினும் முறைப்படி, "இரண்டுக்கும் வேறுபாடு இல்லை" என்னும் இன்மைக் கருதுகோளை முதலில் நிறுத்தி, பிறகே அதைச் சாய்க்க முயல வேண்டும். எதிரணியை நாமே மேடையேற்றி வீழ்த்தும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

திருநகரிலும் கே.கே. நகரிலும் ஏறிய மேடைகளில் ஒருநாள் முழங்கினேன், மறுநாள் நிதானித்தேன். எங்கள் வட்டாரத்துப் பேச்சாளர் எவரும் தனியாகப் போவதில்லை. கைதட்ட ஒரு குழு உடன் வரும். என் குழுவை அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றி வருபவன் என் வகுப்புத் தோழன். கைத்தட்டல் எத்தனை நொடி நீடித்தது என்று கைபேசியில் அளக்கும் பொறுப்பையும் அவனிடமே ஒப்படைத்தேன்.

அறிக்கை தர வேண்டிய கடைசி நாள். முடிவு இல்லையேல் பட்டம் இல்லை. கணினிக் கூடத்தில் வழிகாட்டிப் பேராசிரியை அருகில் நிற்க, தோழன் தந்த எண்களைப் படித்துப் பாராமலே மென்பொருளில் ஒட்டி, இரு வகைப் பேச்சின் சராசரியையும் ஒப்பிடும் டி-சோதனையை இயக்கினேன். விடை வரவில்லை. இரு தொகுதிகளிலும் திட்ட விலக்கம், அதாவது எண்களின் ஏற்ற இறக்கம், சுழியம். கணக்கிட இயலாது என்றது திரை.

"எல்லாமே பத்தா இருக்கேப்பா," என்றார் பேராசிரியை. "எண்ணு கொஞ்சமாச்சும் மாறுனாத்தான் சோதனையே ஓடும்."

பின்னால் நின்ற தோழனைத் திரும்பிப் பார்த்தேன்.

"போன்ல பத்து வந்ததும் கையத் தூக்குவேன் மாப்ள. பயலுக நிறுத்திருவாய்ங்க. ஒரு நாளும் பிசகுனதில்ல," என்றான் பெருமையாக.

"அப்ப மத்த சனம்?"

"மத்த சனம் எங்க மாப்ள தட்டுச்சு?"

"நான் முழங்குனப்பக் கூடவா?"

"அப்பத்தான் டீ குடிக்கப் போனாய்ங்க."

பேராசிரியை வாயைக் கையால் மூடிக்கொண்டார். "ஒரு வாரம் தர்றேன். புதுசா அளந்துட்டு வா."

எழுந்தேன். மேடைக்குரிய குரல் தானாகவே வந்தது. "இனி என் ஆட்கள் எவரும் எனக்குக் கைதட்ட மாட்டார்கள். கைத்தட்டல் சுழியமானால் சுழியமென்றே எழுதுவேன்."

"எல்லாமே ஜீரோவா வந்தாலும் ஓடாதுப்பா," என்றார் அவர்.

கூடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்படியானால்," என்றேன், "ஒரேயொருவரையாவது, ஒரேயொரு முறையாவது, தாமாகவே கைதட்ட வைப்பேன்."