சேலை என்ன கலர்?

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் முடிந்திருந்த சமயம். அறுபதாம் வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆடி மாதம், நல்ல சாரல். குற்றாலம் ஐந்தருவியில் நடந்தது இது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அங்கே நடந்ததைச் சொல்ல இத்தனை காலம் கூச்சமாகவே இருந்தது.

அச்சன்புதூரிலிருந்து தென்காசிக்கு வாக்கப்பட்டு வந்தேன். வீட்டில் அவரும் என் மாமியாரும்தான். அவருக்கு அரிசி மண்டியில் எடை போடும் வேலை. பெரியவர்கள் முன்னால் பெண்டாட்டியிடம் நேராகப் பேசுவது அப்போது மரியாதை இல்லை. செம்போடு நான் பக்கத்திலேயே நிற்பேன். "யம்மா, தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பார். மாமியார் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, தண்ணி கேக்கான்" என்பார். அதன் பிறகுதான் நான் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் வருஷம் மாமியார் தவறிப்போனார். இனிமேலாவது என்னிடம் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ, அம்மா உட்காரும் அடுக்களை வாசற்படியைப் பார்த்தே "சோறு வைக்கச் சொல்லு" என்றார். நாள் போகப்போக அதுவும் குறைந்து "சோறு" என்ற ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. அவர் மண்டிக்குப் போய்விட்டால் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. கோழியை விரட்டும்போதுதான் எனக்கும் தொண்டை இருக்கிறது என்று ஞாபகம் வரும்.

அந்த ஆடியில் ஒருநாள், "குத்தாலம்" என்று வாசற்படியிடம் சொன்னார். கிளம்பினேன். மாற்றுச்சேலை அவர் கைப்பையில். அவர் முன்னே, நான் பத்தடி பின்னே. பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அவரைக் காணவில்லை. எங்கே நிற்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஈரச்சேலையோடு ஒரு மங்குஸ்தான் பழக்கடை ஓரமாக ஒண்டி நின்றேன். குளிரில் பல் கிட்டியது.

ரொம்ப நேரம் கழித்து, கடைக்கு முன்னால் அவர் குரல் கேட்டது. ஒரு போலீஸ்காரரிடம், வீட்டிலிருந்து வந்த ஆளைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சேலை என்ன கலர்?"

"நல்ல சேலைதான்யா."

"இங்கன நிக்க அம்புட்டு பேரும் நல்ல சேலைதாம்வே கட்டிருக்கா! மூக்குத்தி ஒத்தையா, ரெட்டையா?"

அவர் தன் மூக்கைத் தடவினார்.

கடைக்கார அம்மா விடவில்லை. "கல்யாணம் எப்பவே ஆச்சு, நேத்தா?"

"நாலு வருசம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. இப்படியே பஸ் ஏறி அச்சன்புதூர் போய்விட்டால் இவரால் என்னைத் தேடக்கூட முடியாது என்று தோன்றியது. போய்விடுவோம் என்று காலும் எடுத்து வைத்தேன். என்ன செய்கிறார் என்று கடைசியாக ஒரு தரம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு. பழைய தழும்பு, சின்ன வயதில் பட்டதாக இருக்க வேண்டும். நாலு வருஷமாக அதை நான் பார்த்ததே இல்லை. தலை குனிந்தே பின்னால் நடந்ததில், அவர் பாதத்தை ஆயிரம் பேரில் கண்டுபிடித்துவிடுவேன். முகத்தைக் கேட்டிருந்தால் நானும் அவரைப்போலத்தான் முழித்திருப்பேன்.

போய் அவர் எதிரில் நின்றேன். அப்போதும் என் தோளுக்கு மேலே கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான். இங்கன நிக்கேன்" என்றேன்.

அதுதான் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு. அவர் பையிலிருந்து மாற்றுச்சேலையை எடுத்தவர், கொடுக்காமல் அதையே பார்த்தார். "இது மஞ்சளா?" என்று கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

திரும்பும்போதும் அவர் முன்னால்தான் நடந்தார். ஆனால் நாலடிக்கு ஒருதரம் நின்றார். மறுநாள் முதல் மண்டிக்குக் கிளம்பும் முன் என்னைப் பார்த்து "பச்சை", "ஊதா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். வேறு பெரிய பேச்செல்லாம் கிடையாது. எனக்கு அது போதுமாக இருந்தது. சில நாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவார், நான் திருத்த வேண்டும் என்று.

அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. காலையில் சேலை கட்டியதும் அந்த வாசற்படியைப் பார்த்து நானே கலரைச் சொல்லிக்கொள்கிறேன். "இங்கன நிக்கேன்" என்ற அந்த ஒரு வார்த்தையைக் கல்யாணமான மறுநாளே சொல்லியிருந்தால், அந்த நாலு வருஷமும் எங்களுக்கு மிச்சமாகியிருக்குமே என்றுதான் இன்றைக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.