தலைவருக்கு அன்புடன் ஒரு பாட்டு

எர்மெலிந்தாவின் பெயரை ஊர் உரக்கக் கேட்டதே அந்த வருஷத்து ஊர்ச்சபைக் கூட்டத்தில்தான். அதுவரை அவள் கிளாரினெட் வாசிக்கும் வென்செஸ்லாவோவின் நடு மகள், தச்சன் கிறிசோஃபொரோவின் பெண்டாட்டி, அவ்வளவுதான். எழுத்தர் வாசித்தார்: "இந்த வருஷம் வானொலிக்கு, எர்மெலிந்தா."

பின்வரிசையில் ஒருவன், "ரேடியோவுல சோளம் அரைக்கச் சொல்லிக் குடுப்பா!" என்றான். ஆண்கள் சிரித்தார்கள். எங்கள் மலையில் சபை ஒரு பொறுப்பைக் கொடுத்தால் கூலியில்லாமல் ஒரு வருஷம் செய்தே ஆகவேண்டும். அவள் மறுநாள் காலை ஆறு மணிக்கே ஊர் வானொலி அறையில் போய் உட்கார்ந்தாள்.

ஊர் பேண்டின் பாட்டுகளைப் போட்டாள். நடுநடுவே சபை தீர்மானித்தது என்ன, நடக்காமல் கிடப்பது என்ன என்று சொன்னாள். கோடையில் கீழத்தெருக் குழாய் வறண்டது. ஊற்றுத் தண்ணீரெல்லாம் ஊர்த்தலைவர் ஃபிதென்சியோவின் தம்பி வெட்டிய மீன் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதையும் சொன்னாள்.

ஃபிதென்சியோ வானொலி அறைக்கே வந்துவிட்டார். எர்மெலிந்தாவின் இரண்டாவது மகளுக்கு ஞானத்தகப்பன் அவர், சுற்றி வளைக்கவில்லை.

"இந்தா தங்கச்சி, இந்த அறைச் சாவி எங்கிட்டதான் இருக்கு. இனிமே பாட்டு மட்டும் போடு. பேச்சு கூடாது."

"யாரு யாருக்குப் பாட்டு குடுக்குறாங்கன்னு சொல்றதுமா கூடாது, அண்ணே?"

"அதைச் சொல்லு. சொல்லாட்டி சனம் என்னை அடிக்க வந்துரும்."

அன்று சாயங்காலம் நோட்டுத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு கீழத்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பாட்டுச் சீட்டு எழுதி வாங்கினாள். மறுநாள் காலை அவள் குரல் கேட்டது:

"இந்தப் பாட்டை கீழத்தெரு எவுலாலியா, அவ தங்கச்சி ரெஃபூகியோ, ரெஃபூகியோவோட மாமியா, மூணு பேரும் நம்ம தலைவருக்கு அன்போட குடுக்குறாங்க. குழாயில தண்ணி வந்து பன்னெண்டு நாளாச்சாம்."

அன்றைக்கு இருபத்தேழு சீட்டு, மறுநாள் நாற்பது. ஒரு பெயரையும் உறவையும் அவள் விடவில்லை. மூன்றாம் நாள் ஃபிதென்சியோ சாவியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார்.

"எழுந்திரு. பூட்டப் போறேன்."

"நீங்க சொன்னதைத்தானே செய்யுறேன், அண்ணே? கையில இருக்குறதை வாசிச்சிடுறேன்."

சீட்டைப் பிரித்தாள். மைக்கில் வாசித்தாள்:

"இது தலைவரோட அம்மா பசிலிசா, கீழத்தெருவுல இருந்து. 'மகனே, உன் சட்டை நாலும் அழுக்காக் கெடக்கு. தொவைக்கத் தண்ணியில்ல. வந்து எடுத்துட்டுப் போ.'"

எதிரே சோள மில்லில் வானொலி கேட்டபடி வரிசையில் நின்ற பெண்கள் வாளியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். தலைவருக்குக் காது மடல் சிவந்தது. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். மத்தியானம் மீன் குளத்து மடை அடைபட்டது. பொழுது சாய்வதற்குள் கீழத்தெருவில் தண்ணீர் வந்தது, முதலில் செம்மண் கலங்கலாக.

வருஷம் முடிந்ததும் வானொலியை வேறொருத்தி கையில் ஒப்படைத்தாள். அடுத்த சபையில் எழுத்தர் மறுபடி அவள் பெயரை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. எர்மெலிந்தா இப்போது தண்ணீர்க் குழுவில் இருக்கிறாள். தினமும் விடிந்ததும் ஊற்றுக்கு ஏறிப்போய்க் கீழத்தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறாள்.